ஜனவரியில் மட்டும் எழாத கணினி

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்ட கேள்விக்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் கேள்வியோடு சேர்த்து ஒரு கடைக்காரரின் தீர்ப்பையும் அனுப்பியிருந்தாயே, அது கிளப்பிய எரிச்சல் இரண்டு வரியில் அடங்குவதாக இல்லை. அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்வோம். உன் அப்பாவுக்கு டில்லிக்கு மாற்றலானபோது, சென்னையில் ஆறு வருடம் ஒழுங்காக ஓடிய டெஸ்க்டாப்பும் வீட்டுச் சாமான்களோடு லாரியில் ஏறி கிட்வாய் நகர் வந்தது. தீபாவளி வரை ஒரு குறையும் இல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து சில நாள் காலையில் பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றுவதில்லை. நாலைந்து முறை அழுத்தினால் எழுகிறது. சில நாள் முதல் அழுத்தலிலேயே எழுகிறது. பகலில் எப்போது போட்டாலும் ஓடுகிறது. கடைக்காரர் 'விண்டோஸ் கரப்ட், ஃபார்மட் போட வேண்டும்' என்கிறார். உன் மாமா 'டில்லி கரண்ட் சரியில்லை, ஸ்டெபிலைசர் வாங்கு' என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உன் கேள்வி.

முதலில் ஃபார்மட்டைத் தீர்த்துவிடுவோம். கணினியில் எந்தக் கோளாறு வந்தாலும் ஃபார்மட் என்று சொல்வது நம் நாட்டில் ஒரு பரம்பரை வைத்தியமாகிவிட்டது. பட்டனை அழுத்தியதும் எது முன்னே நடக்கிறது, எது பின்னே நடக்கிறது என்று யோசித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கிறது. போர்டு, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பச்சை ஒயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டுகளை எழுப்புகிறது. அவை 5 சதவீத வரம்புக்குள் நிலைத்தபின், ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி நொடிக்குள், சாம்பல் நிற ஒயரில் 'மின்சாரம் தயார்' என்ற சைகை வருகிறது. அதுவரை பிராசஸர் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். அதன் பிறகே பயாஸ் விழித்து ராமைச் சோதித்து, டிஸ்ப்ளேவை எழுப்பி, டிஸ்க்கைத் தேடுகிறது. விண்டோஸின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. விசிறியே சுற்றாத கணினி டிஸ்க்கின் பக்கமே போகவில்லை. அதிலிருக்கும் விண்டோஸ் கெட்டிருந்தால் என்ன, நன்றாக இருந்தால்தான் என்ன?

ஒரே ஒரு விலக்கு உண்டு, நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது 'ஷட் டவுன்' முழு மூடலாக நடப்பதில்லை. மையப் பகுதியின் நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே ஏற்றப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே ரீஸ்டார்ட்டில் நன்றாக வந்து, ஷட் டவுனுக்குப் பின் லோகோவோடு தொங்கிவிடும் கணினியில் அந்த வசதியை அணைத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அது லோகோ வந்த பிறகு நடக்கும் கதை. உன்னுடையது லோகோவுக்கு வெகு முன்பே நின்றுபோகிறது.

ஆகவே யாரிடம் கேட்பதானாலும் 'ஆன் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாதே. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல். சலனமே இல்லையா? விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறதா? விசிறி ஓடியும் டிஸ்ப்ளே இல்லையா? லோகோவோடு நிற்கிறதா? விண்டோஸ் பாதி வந்து திரும்பிப் போகிறதா? ஐந்தும் ஐந்து வெவ்வேறு நோய்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரம் வழங்கும் பகுதியைச் சேர்ந்தவை. மூன்றாவதில் ராமையும் அதன் ஸ்லாட்டையும் முதலில் சந்தேகிக்கலாம். கடைசி இரண்டில்தான் கடைக்காரரின் பேச்சுக்கு இடமே வருகிறது, அதுவும் சில சமயம்தான்.

இனி மாமா. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அதற்குக் கணிசமாகக் கீழே இறங்கினாலும் சமாளிக்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. வோல்டேஜ்தான் காரணமென்றால், எல்லோர் வீட்டிலும் கீஸரும் ஹீட்டரும் ஓடும் குளிர்கால மாலையிலும் உன் கணினி தகராறு செய்ய வேண்டும். மாலையில் அது ஒழுங்காக எழுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். மாமாவின் மனம் நோகாமல் மல்டிமீட்டரால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து காட்டிவிடு. ஸ்டெபிலைசர் செலவு மிச்சம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே சொல்தான்: 'சில நாள்'. எந்த நாள்? கணினிக்கு வெள்ளி, செவ்வாய் தெரியாது. அதற்கு மனநிலையும் கிடையாது. ஒரு நாள் எழுந்து மறுநாள் எழாவிட்டால் அந்த இரண்டு நாளுக்கும் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதை நீ குறித்துவைக்கவில்லை. வெப்பமா, முந்தைய இரவு சுவர் ஸ்விட்சை அணைத்தாயா இல்லையா, எத்தனை மணி நேரம் அணைந்துகிடந்தது, யாராவது கூட்டும்போது கேபினெட்டை நகர்த்தினார்களா? இதைக் கண்டுபிடிக்கும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவனுக்கு ரிப்பேர் தற்செயலாகத்தான் அமையும்.

உன் விஷயத்தில் மாறியது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பல வருடங்களாக எனக்குப் பிடித்த சந்தேக நபர் இது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே போகும்.

நீ பன்னிரண்டாம் வகுப்பு. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் கெபாசிட்டர் பாடம் முடித்திருப்பாய். இரண்டு தகடு, நடுவே மின்கடத்தாப் பொருள், சூத்திரம், கணக்கு. அந்தப் புத்தகத்துக் கெபாசிட்டருக்கு வயதாவதில்லை, குளிர்வதும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் மதர்போர்டிலும் சின்ன டப்பாக்கள்போல் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வேறு ஜாதி. அதன் உள்ளே சுருட்டிய அலுமினியத் தாள். இடையில் ஒரு திரவத்தில் நனைந்த காகிதம். திரவத்தில் அயனிகள் நகர்ந்துதான் மின்சாரம் ஓட வேண்டும். குளிர்ந்தால் திரவம் கெட்டியாகி அயனிகளின் நடை மந்தமாகிறது. உள்தடை ஏறுகிறது, மின்னேற்புத் திறனும் சற்றுக் குறைகிறது. புதிய கெபாசிட்டர் இதைச் சமாளித்துவிடும். வருடக்கணக்கில் சூட்டில் நின்று, அடியிலிருக்கும் ரப்பர் அடைப்பு வழியாகத் திரவத்தில் பாதியை ஆவியாக விட்டுவிட்ட கிழடுக்குச் சமாளிக்கும் தெம்பு இருக்காது.

அதன் ஆயுளைக் கணக்கிட எஞ்சினியர்கள் வைத்திருக்கும் விதி எளியது. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் குறித்திருந்தால், வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஐந்தரை வருடம். உன் கணினிக்கு வயது ஆறு. போட்டுப் பார்த்துக்கொள்.

அடுத்து ஊர். சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஜனவரி மாதக் குறைந்தபட்சம் சராசரியாக 7, 8 டிகிரி; குளிர் அலை அடித்தால் 3, 4. அந்த நிலையத்தின் சாதனை 1935 ஜனவரி 16 அன்று பதிவான மைனஸ் 0.6. சாயங்காலம் வரை இழுத்துப் பிடித்த ஒரு கெபாசிட்டர் விடியற்காலையில் கைவிட்டுவிடுவதற்கு இந்த வித்தியாசம் போதும். அது சென்னையிலேயே பலவீனமாகிவிட்டது. சென்னையின் வெப்பம் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவைத்திருந்தது, அவ்வளவுதான். ஜனவரிக் காலையில் பஜாஜ் ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தி, பிறகு உதை உதையென்று உதைத்த டில்லித் தமிழர்களுக்கு இந்த நியாயம் சொல்லாமலே புரியும்.

எந்தக் கெபாசிட்டர்? இங்கேதான் என் கோட்பாடு வருகிறது. கணினி அணைந்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சின்னப் பகுதி உறங்குவதில்லை. ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டன் அழுத்தியதை மதர்போர்டு உணர்வதே அந்த 5 வோல்ட்டால்தான். அந்தப் பகுதி தொடங்கும் விதம் வேடிக்கையானது. வீட்டு மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் கிடைக்கும் 325 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய தடை வழியாகத் துளித்துளியாக ஒரு குட்டிக் கெபாசிட்டர் நிரம்புகிறது. அது போதிய அளவு நிரம்பியதும் கட்டுப்பாட்டுச் சில்லு விழிக்கிறது. சில்லுக்குத் தேவையான மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு சுற்றிலிருந்து வரத் தொடங்கும்வரை, நொடியின் ஒரு சிறு பங்கு நேரம், அந்தக் குட்டியின் சேமிப்பில்தான் சில்லு வாழ வேண்டும். குட்டி காய்ந்திருந்தால் சேமிப்பு போதாது. சில்லு விழிக்கும், மயங்கும், மறுபடி நிரம்பும், விழிக்கும், மயங்கும். காதை வைத்துக் கேட்டால் சில எஸ்.எம்.பி.எஸ்.களில் 'டிக், டிக்' என்று சத்தம்கூட வரும். பல நேரம் இந்தக் குட்டியைச் சூடான ஹீட் சிங்க்கை ஒட்டியே பொருத்தியிருப்பார்கள். முதலில் காய்வதும் அதுதான்.

இப்படி விழித்து மயங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிறது. சூடாக ஆக உள்தடை இறங்குகிறது. ஏதோ ஒரு சுற்றில் சில்லு பிழைத்துவிடுகிறது. ஐந்தாவது முறை அழுத்தியதால் கணினி எழுந்தது என்று நீ நினைக்கிறாய். அந்த ஐந்து அழுத்தலுக்கும் நடுவே கழிந்த நிமிடங்கள்தான் அதை எழுப்பின. பட்டனைத் தொடாமல் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டுப் பல் தேய்த்துவிட்டு வா. முதல் அழுத்தலிலேயே எழும் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் கிழவனின் கற்பனை என்று தள்ளிவிடாதே. 2000-களின் முற்பகுதியில் உலகம் முழுவதும் மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பி, கசிந்து, செத்தன. பல கம்பெனிகள் மாட்டிக்கொண்டன. டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270 வரிசை இதில் பேர்போனது. 2005-இல் அந்தக் கம்பெனி பழுது பார்க்கும் செலவுக்காக மட்டும் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது. பிறகு தொடரப்பட்ட வழக்கின் ஆவணங்கள் வெளிவந்தபோது, 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டது. 2003 மேக்கும் 2005 ஜூலைக்கும் இடையில் அனுப்பப்பட்ட 1 கோடியே 18 லட்சம் கணினிகளில் இந்த ஆபத்து இருந்ததாக அதில் கண்டிருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் என்னால் மறக்க முடியாதது எண்கள் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது கம்பெனி சொன்ன காரணம்: நீங்கள் கடினமான கணக்குகளைப் போடவைத்துக் கணினிகளைக் களைப்படையச் செய்துவிட்டீர்கள்! கணினியைக் கணக்குப் போடவைத்ததுதான் குற்றமாம், அதுவும் கணிதத் துறையில். அவ்வளவு பெரிய கம்பெனியே இப்படிச் சொல்லும்போது, உங்கள் பேட்டைக் கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னதை நான் மன்னித்துவிடத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அந்தக் காலத்துக் கெபாசிட்டர்கள் தலையில் கீறிய சிலுவைக் குறி பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து, பார்த்தாலே தெரியும். உன் மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார். தட்டையாக இருந்தால் அது நல்ல அறிகுறி, முழு விடுதலை ஆகாது. உப்பாமலே உள்ளுக்குள் காய்ந்துபோவதும் உண்டு. நான் மேலே சொன்ன குட்டி பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

இந்த இடத்தில் ஒரு புத்தகம் நினைவுக்கு வருகிறது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1985-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள், 'ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபெயின்மன்'. பள்ளிப் பையனாக இருந்தபோது அக்கம்பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்து காசு சம்பாதித்ததை அதில் சொல்கிறார். ஒருவரின் ரேடியோ போட்டதும் பயங்கரமாக இரையும். சற்று நேரத்தில் தானாக அடங்கி நன்றாகப் பாடும். பையன் ரேடியோவைத் திறக்காமல் முன்னும் பின்னும் நடந்து யோசித்துக்கொண்டே இருந்தான். ரேடியோக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. வால்வுகள் சூடாகும் வரிசை தப்பாக இருந்தால் இப்படி இரையும் என்று பையன் முடிவுக்கு வந்து, இரண்டு வால்வுகளை இடம் மாற்றிச் செருகினான். இரைச்சல் நின்றது. ஃபெயின்மனின் குவாண்டம் இயற்பியலில் எனக்கு விளங்காத பக்கங்கள் நிறைய. இந்த இரண்டு பக்கத்தை மட்டும் எத்தனையோ மாணவர்களைப் படிக்கவைத்திருக்கிறேன். கவனி: கோளாறு தொடக்கத்தில் மட்டும் வந்து சூடானதும் மறைந்தது. உன் கணினியின் குணமும் அதுவேதான்.

தொடங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது கணினியின் பிறப்பிலிருந்தே தெரிந்த சங்கதி. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளோடு 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் வால்வுகள் பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் போயின. அதனால் அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

அடுத்து, கடையில் நடந்ததை நீ ஆச்சரியத்தோடு எழுதியிருந்தாய்: 'கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடுகிறது ஸார், எனக்கே வெட்கமாகிவிட்டது.' வெட்கப்பட ஒன்றுமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோயிருப்பாய். அவர் முதலில் பிளக்கைச் செருகிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் பேசியிருப்பார். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, விசிறி சுற்றுவதைக் காட்டி, 'எஸ்.எம்.பி.எஸ். ஓகே' என்றிருப்பார். சூடான நிலையில், சுமை ஏதுமின்றி நடத்திய சோதனை அது. குளிர்ந்த நிலையில், முழுச் சுமையோடு வரும் கோளாறைப் பற்றி அது எதையுமே சொல்லாது.

டில்லிக்கே உரிய இன்னொரு சந்தேக நபரையும் சொல்ல வேண்டும்: காற்று. புகைமூட்டம் நுரையீரலை மட்டும் பதம் பார்ப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் திரும்பி வந்த பழுதான மதர்போர்டுகளில் தாமிரத் தடங்கள் அரித்திருந்ததாகவும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களே காரணம் என்றும் இன்டெல் நிறுவனம் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னது. ஐரோப்பா 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதும் இதில் சேர்ந்துகொண்டது. ஈயப் பற்றுக்குப் பதிலாகச் சில போர்டுகளில் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகத்துக்கு வெள்ளி சுலபமான இரை. டேட்டா சென்டர்களில் வெறும் தாமிரத் தகடும் வெள்ளித் தகடும் மாட்டிவைத்து, மாதத்துக்கு எவ்வளவு கறுக்கிறது என்று அளக்கிறார்கள். தாமிரத்தில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ரமுக்கும் வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ரமுக்கும் குறைவாக இருந்தால்தான் அந்தக் காற்று கணினிக்கு ஏற்றது. அந்தக் கருவியெல்லாம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் பக்கம் ஓடும் குஷக் நாலாவின் சாக்கடை வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அம்மாவிடம் கேள், வெள்ளிக் கொலுசும் குங்குமச் சிமிழும் சென்னையைவிட அங்கே சீக்கிரம் கறுக்கின்றனவா என்று. ஆமாம் என்றால், ராம் ஸ்லாட்டுக்கும் அதே கதி நேரலாம். ஆனால் நீங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரிப்புக்கு அது போதாது. மேலும் அரித்த தடம் பகலில் ஆறிவிடுவதில்லை. எனவே இந்த நபரை இப்போதைக்கு வெளியே விட்டுவிடுகிறேன்.

லாரியை அப்படி விட முடியாது. இரண்டாயிரம் கிலோமீட்டர் குலுங்கி வந்ததில் ராம் தளர்ந்திருக்கலாம், 24 பின் கனெக்டர் பாதி கழன்றிருக்கலாம், ஒரு சால்டர் இணைப்பில் முடியளவு விரிசல் விழுந்திருக்கலாம். விரிசல் குளிரில் சுருங்கி விலகி, வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் ஜனவரிக் காலையில்தான் வேலையைக் காட்டும். ஆகவே குளிர் என்ற ஒரு சாட்சியை வைத்து மட்டும் கெபாசிட்டரைத் தண்டிக்கக் கூடாது. என் செல்லக் கோட்பாடாகவே இருந்தாலும் அது சோதனைக்குக் கட்டுப்பட்டதுதான்.

சோதனை இது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடு. தேதி, எழுப்பிய நேரம், அறையின் வெப்பம், எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, இரவில் சுவர் ஸ்விட்ச் போட்டிருந்ததா, எந்தக் கட்டத்தில் நின்றது, எத்தனை நிமிடத்தில் எழுந்தது. அறை வெப்பமானி இல்லையென்றால் சின்னச் செலவுக்காக அழாதே, ஒன்று வாங்கு. செய்தியில் வருவது வெளி வெப்பம், உன் மேஜையடி வெப்பம் வேறு. ஓர் இரவு சுவர் ஸ்விட்சை அணை, மறு இரவு போட்டேவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியைத் தொடாமல், அறை ஹீட்டரால் ஒரு மணி நேரம் இதமாக்கி, பிறகு ஸ்விட்சைப் போட்டு உடனே எழுப்பு. அணைந்திருந்த நேரம் அதேதான், வெப்பம் மட்டும் வேறு. இப்படி ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால்தான் அது சோதனை.

பலனைப் படிக்கும் விதம்: ஸ்விட்ச் அணைத்த குளிர் இரவுகளுக்குப் பிறகு மட்டும் தகராறு, போட்டே வைத்த இரவுகளுக்குப் பிறகு உடனே எழுகிறது என்றால், நான் சொன்ன குட்டிதான், எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும். ஸ்விட்ச் எப்படி இருந்தாலும் குளிரில் தகராறு, இதமான அறையில் எழுகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மற்றக் கெபாசிட்டர்கள், மதர்போர்டின் கெபாசிட்டர்கள், விரிசல் விட்ட சால்டர் ஆகியவை களத்தில் இருக்கின்றன. இதமான அறையிலும் எழவில்லை என்றால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேபினெட்டின் பவர் பட்டன், ராம், கனெக்டர் என்று தொடர்புகளைப் பார். காத்திருந்தால் எழுவது கெபாசிட்டரின் குணம். தட்டினால், நகர்த்தினால் எழுவது தளர்ந்த தொடர்பின் குணம். இதையும் நோட்டில் குறி.

இன்னொரு பத்தியும் சேர்த்துக்கொள்: கடிகாரம். இரவெல்லாம் சுவர் ஸ்விட்சை அணைக்கும் வீடுகளில் மதர்போர்டின் கடிகாரம் முழுக்க முழுக்க அந்த 3 வோல்ட் சி.ஆர்.2032 வில்லையை நம்பித்தான் ஓடுகிறது, சீக்கிரம் தீரும். நேரம் பின்னுக்குப் போய் நின்றால் வில்லையை மாற்று. சின்னச் செலவு, ஒரு சந்தேகம் தீரும். எழாமல் இருப்பதற்கு அது காரணமாவது பெரும்பாலான போர்டுகளில் அபூர்வம்.

எஸ்.எம்.பி.எஸ். என்று நோட்டு சொன்னால் உடனே வாங்க ஓடாதே. உன் வகுப்பு நண்பனிடம் நன்றாக ஓடும் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வாரக் குளிர்காலைகளில் ஓட்டிப் பார். ஒரு காலை எழுந்துவிட்டதைக் கொண்டாடினால், அது எப்படியும் எழுந்திருக்கக்கூடிய 'சில நாள்' ஆகவும் இருக்கலாமே. பிறகு நேரு பிளேஸ் போ. ஐ.என்.ஏ.வில் பிங்க் லைன் ஏறி, லாஜ்பத் நகரில் வயலட் லைனுக்கு மாறினால் சில நிலையங்கள்தான். கடையில் '80 பிளஸ்' முத்திரையைக் காட்டி ஆயுளைப் பற்றிப் பேசுவார்கள். அந்த முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. கெபாசிட்டரின் தரத்துக்கு அது பொறுப்பேற்கவில்லை. எத்தனை வருட வாரன்டி, பில்லில் சீரியல் எண் எழுதித் தருவாரா என்று கேள். ஐந்து வருட வாரன்டி கொடுக்கும் தயாரிப்பாளர் தன் கெபாசிட்டர்களைப் பற்றிக் கணக்குப் போட்டிருப்பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இதில் கொஞ்சலெல்லாம் கிடையாது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நீ திறக்கக் கூடாது. குட்டிக் கெபாசிட்டரைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். யூடியூபில் எவனோ திறந்து காட்டியிருப்பான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் தேங்கி நிற்கலாம். அதை முறையாக வடியவிடத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்காமல் தொடாதே. இன்னொன்று, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று உறைப்பதாக எழுதியிருந்தாய். அது குளிர்கால வறட்சியின் விளைவு என்று உன் அப்பா சொன்னாராம். கதவுப் பிடியிலும் கம்பளியிலும் ஒரே ஒரு பொறி தெறித்து நின்றால் அவர் சொல்வது சரி. தொட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் குறுகுறுக்கிறது என்றால் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினெட் பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115-இல், மிதக்கிறது. மின்னோட்டம் சிறியதுதான், இருந்தாலும் கணினிக்கு முன்னால் அதைச் சரிசெய்யச் சொல். குவார்ட்டர்ஸ் எலெக்ட்ரீஷியனிடம் 'கணினி எழவில்லை' என்று புகார் கொடுத்தால் வர மாட்டார். 'எர்த் இல்லை' என்று எழுதிக்கொடு.

நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. என் கோட்பாட்டுக்கு எதிராக இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தை அனுப்பு. தேர்வுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் இயற்பியல் படித்தாலும் கணினி எழுந்துவிடும், பாடமும் நடக்கும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்

பி.கு.: கடைக்காரர் ஃபார்மட்டுக்கு நாள் குறித்துவிட்டதாக எழுதியிருந்தாயே, இன்றைக்கே போன் போட்டு வேண்டாமென்று சொல். எது எப்படியானாலும், கணினி எழுந்திருக்கும் ஒரு மதியத்தில், அப்பாவின் ஓய்வூதியக் கோப்புகளையும் தாத்தா பாட்டி படங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்.